மாணவர்களின் உடல் எடை

மாணவர்களின் உடல் எடை என்பது உயர்கல்வி பயில்வோரிடம் உணவு, உடற்பயிற்சி, உறக்கம் ஆகியவற்றின் விளைவாக அமையும் உடல் எடை நிலையைக் குறிக்கும். பள்ளிக்கால விளையாட்டு நேரம் நின்றுபோவதும், விடுதியில் உணவைத் தாமே தெரிவு செய்யத் தொடங்குவதும் இப்பருவத்தில் நிகழ்வதால், பின்னாளைய நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றைத் தடுப்பதில் இது முக்கியத்துவம் பெறுகிறது.

அளவிடும் முறை

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பது உடல் நிறை குறியெண் ஆகும். இது 18.5க்குக் குறைவாயின் எடைக்குறைவு எனப்படும். மிகை எடைக்கான பன்னாட்டு வரம்பு 25. ஒரே குறியெண் கொண்ட ஐரோப்பியரை விடத் தெற்காசியரின் உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் காணப்படுவதால், 2009இல் வெளியான இந்திய மருத்துவ வழிகாட்டல் 23 முதல் மிகை எடை என்றும் 25 முதல் உடற்பருமன் என்றும் வரையறுத்தது.

எடுத்துக்காட்டாக, 170 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உடைய மாணவரின் குறியெண் 23.5 ஆகும். பன்னாட்டு வரம்பின்படி இவர் இயல்பான எடை உடையவர். இந்திய வரம்பின்படி மிகை எடை உடையவர்.

இக்குறியெண் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. எனவே கபடி வீரர் ஒருவருக்கு இது தவறான முடிவைத் தரலாம். இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து அளப்பது நன்று. இதன் வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஆகும்.

தமிழ்நாட்டில்

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, குறியெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ள பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019-21இல் 40.4 விழுக்காடாயினர்; ஆண்கள் 28.2இலிருந்து 37.0 விழுக்காடாயினர். இவ்வெண்கள் 15 முதல் 49 வயது வரையிலானோருக்கு உரியவை. மாணவர்களுக்கு மட்டும் உரியவையல்ல.

உணவு

ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரியும் ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும் ஆற்றல் தருகின்றன. ஆகவே விருதுநகர் மாவட்டத்தில் பெயர்பெற்ற எண்ணெய்ப் பரோட்டா, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர் பால்கோவா போன்றவை சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் தருவன. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்கு மிகாமலும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. தேநீர், குளிர்பானம் ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் இதில் அடங்கும்.

கல்வி வளாகங்களில் நொறுக்குத் தீனி விற்பனையைத் தடை செய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் உயர்கல்வி நிறுவனங்களை அறிவுறுத்தியது. 2018இல் மீண்டும் வலியுறுத்தியது.

உடற்பயிற்சி

வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியும், குறைந்தது இரு நாட்கள் தசை வலுப்பயிற்சியும் தேவை என 2020ஆம் ஆண்டின் உலக சுகாதார அமைப்பு வழிகாட்டல் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் மிதமான பயிற்சியின் குறைந்த அளவு நிறைவேறும்.

எடைக்குறைவு

மிகை எடை மட்டுமே சிக்கலன்று. உணவைத் தவிர்த்து விரைவாக எடை குறைக்க முயல்வது தசை இழப்பு, இரும்புச்சத்துக் குறைவு, மாதவிடாய் ஒழுங்கின்மை ஆகியவற்றுக்கு இட்டுச் செல்லலாம். காரணமின்றி எடை குறைந்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

உடற்பருமன்
நீரிழிவு நோய்
திருவில்லிபுத்தூர் பால்கோவா