கடாரத்தில் ஒலிக்கும் திருமுறை

கெடா மாநிலத்துக்குத் தமிழர் வழங்கிய பழம்பெயர் கடாரம். 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து படை நடத்திய முதலாம் இராசேந்திரன் ‘கடாரங்கொண்டான்’ எனப் பெயர் பெற்றதை நம் மாணவர்கள் அறிவர். அவன் தந்தை இராசராசனின் செயல் ஒன்று நம் பிள்ளைகளின் வாழ்வுக்கு இன்னும் நெருக்கமானது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாள்தோறும் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை அமர்த்தினான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் எனச் சேர்த்து ஐம்பதின்மர். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு முக்குறுணி நெல். ஒருவர் மறைந்தால் அவருடைய உறவினர் பணியைத் தொடர வேண்டும். அவருக்குப் பாடும் தகுதி இல்லையேல், தகுதியுடைய ஒருவரைத் தம் இடத்தில் அமர்த்த வேண்டும். இவ்விதியும் பாடியவர்களின் பெயர்களும் கல்வெட்டில் உள்ளன. பாட்டைக் காக்கும் பொறுப்பு குடும்பத்தின் மீதே வைக்கப்பட்டிருந்தது.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், பினாங்குத் துறைமுகம் வழியாகக் கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு நெல் அளக்க அரசன் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவிய கைகளே தோட்டத்துக் கோயில்களில் தாளமும் தட்டின. மாரியம்மன் தாலாட்டும் பஜனைப் பாடல்களும் அங்கு ஒலித்தன. பிற்காலத்தில் தோட்டங்கள் பல கைமாறியும் துண்டாடப்பட்டும் போயின. குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. ஒரே லயத்தில் கூடிப் பாடியவர்கள் வெவ்வேறு குடியிருப்புகளில் பிரிந்தனர்.

இந்நிலையில் பிள்ளைகளுக்கு ஒரு மேடையாக அமைந்தது திருமுறை ஓதும் போட்டி. 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் இதனை வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடத்தி வருகிறது. வயதுப் பிரிவின்படி பிள்ளைகள் பண்ணோடு பாடுகின்றனர். தஞ்சையில் 48 பேருக்கு உரியதாயிருந்த பணி, இங்கே பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் உரியதாயிற்று. வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று.

போட்டி நாளில் மண்டபம் நிரம்பி வழியும். இரவு வேலை முடிந்து உறங்காமல் வந்த தந்தையும், பட்டுப்பாவாடையைத் திருத்திக்கொண்டே பாடலை முணுமுணுக்கும் தாயும், கண்கலங்கும் பாட்டியும் அங்கிருப்பர். அந்தப் பெருமிதம் நியாயமானதே. மூன்று வயதில் பாடத் தொடங்கிய திருஞானசம்பந்தரை அவர் தந்தையார் சிவபாதவிருதயர் தோளில் சுமந்து தலந்தோறும் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பாடும் பிள்ளையைச் சுமப்பது நம் மரபு.

ஆயினும் சில காட்சிகள் வருந்தத்தக்கவை. தம் பிள்ளை பாடி முடித்ததும் குடும்பமாக எழுந்து செல்வோர் உளர். கடைசியில் பாடும் குழந்தை வெற்று நாற்காலிகளை நோக்கிப் பாடுகிறது. பரிசு கிட்டாவிடில் வாகனத்தில் ஏறுமுன்பே கடிந்துகொள்வோரும் உளர். அடுத்த ஆண்டு அப்பிள்ளை மேடையேற மறுத்துவிடுகிறது. பரிசு பெற்ற பிள்ளையும் கோப்பையை அலமாரியில் வைத்தபின் மறுபோட்டி வரை பாடலைத் தொடுவதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் சொல்லும் முறையையும் பண்ணையும் தாளத்தையும் கற்பிக்கலாம். அப்பாடல் வாரம் ஒருமுறையேனும் வீட்டில் ஒலிக்கச் செய்வது பெற்றோரின் கையில்தான் உள்ளது. கடைசிப் பிள்ளை பாடி முடிக்கும்வரை அமர்ந்திருந்து கைதட்டுவதும் அவர்களால் இயலும். தஞ்சைக் கல்வெட்டு உறவினர் மீது வைத்த பொறுப்பு இன்று நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதனை ஏற்போமா, பெற்றோர்களே? சிந்திப்போம்.