மெய்நிகர் கணினியின் வரலாறு

ஒரு கணினியினுள்ளே பல கணினிகள் தனித்தனி இயங்குமாறு செய்யும் மெய்நிகராக்கம் இணைய யுகத்தின் புத்தாக்கம் எனப் பலர் கருதுவர். வரலாற்றை நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாது. கணினிகள் அரிதாயிருந்த காலத்தே தோன்றிய முறை அது. அவை மலிந்தபொழுது பின்தள்ளப்பட்டு, மலிவே சுமையானபொழுது மீண்டுந் தலையெடுத்தது.

1950களில் ஆய்வாளரொருவர் தம் கணக்கைத் துளையட்டைகளிற் பொறித்துக் கொடுத்துவிட்டு விடைக்கு நெடுநேரங் காத்திருத்தல் வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் மீண்டுங் காத்திருப்பே. 1961 நவம்பரில் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் கோர்பாற்றோ குழுவினர் ஒரே கணினியின் நேரத்தைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்கும் முறையை இயக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்ரரில் தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினி, சிறிய உள்நினைவகத்தையும் பெரிய உருளை நினைவகத்தையும் ஒன்றேபோலத் தோன்றச் செய்தது. நேரமும் நினைவகமும் இவ்வாறு அமையின், கணினி முழுவதையுமே அவ்வாறு அமைத்தலாகாதோ?

இவ்வினாவுக்கு விடை தந்தோர் மசாச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தாராவர். ரொபேட் கிறீசி தலைமையில் அவர்கள் ஆக்கிய சி.பி.-40 என்னுங் கட்டுப்பாட்டு நிரல் 1967 ஜனவரியில் வழக்கமான பயன்பாட்டுக்கு வந்தது. பயனர்க்குக் கணினியிற் பங்கு கொடாது, ஒவ்வொருவர்க்கும் முழுக் கணினியையே கொடுத்தமை இதன் தனிச்சிறப்பு. அவ்வாறு பதினான்கு கணினிகள்வரை ஒன்றினுள் இயங்கின. இதன் சூட்சுமம் யாதெனின், பயனரின் நிரல் இயந்திரத்தின் பொதுநிலையை மாற்றுங் கட்டளையொன்றை இட்டவுடன் இயந்திரம் அதனைத் தடுத்துக் கட்டுப்பாட்டு நிரலிடம் ஒப்படைக்கும். அந்நிரல் அப்பயனரின் மெய்நிகர் கணினியளவில் மட்டும் அதனை நிறைவேற்றும். ஆதலின் ஒருவரின் பிழை அயலாரைத் தாக்காது. 1972இல் இம்முறை வி.எம்./370 என்னும் பெயருடன் சந்தைக்கு வந்தது.

பின்னர் நுண்கணினிகள் மலிந்தன. ஆளுக்கொன்று கிடைக்கையிற் பகிர்வானேன்? பெருங்கணினிகளில் மட்டும் இம்முறை நிலைத்தது. இன்ரெல் செயலிகளோ இதற்கென ஆக்கப்பட்டவையல்ல. தடுக்கப்படவேண்டிய கட்டளைகள் சில அவற்றிலே தடையின்றி நழுவின.

1990களின் இறுதியில் நிறுவனங்களிற் சேவையகங்கள் வரிசையாக நின்றன. பல பெரும்பொழுதுஞ் சோம்பிக் கிடந்தன. இடமும் மின்சாரமும் பராமரிப்புமே இப்பொழுது அருமையாயின. 1999இல் வி.எம்.வெயர் நிறுவனம் நழுவுங் கட்டளைகளை இயங்கும்பொழுதே மாற்றியெழுதும் மென்பொருளை வெளியிட்டது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து செனின் வருகை நிகழ்ந்தது. இது இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் என்க. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் அக்குறையைச் செயலியிலேயே நீக்கின. 2006 ஆகஸ்ட் மாதத்தில் அமேசன் நிறுவனம் செனின்மேல் இயங்கும் மெய்நிகர் கணினிகளை, மணிக்குப் பத்து அமெரிக்கச் சதமென, வாடகைக்கு விடத் தொடங்கிற்று.