கட்டியவர்களும் கட்டாமல் விட்டவர்களும்



நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குரு, லேவியர், சமாரியர், அடிபட்டுக் கிடந்தவர் எல்லோரும் நமக்குப் பழக்கமானவர்கள். அந்தச் சாவடியை மட்டும் நாம் கவனிப்பதில்லை. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் இருந்தது. கூரை இருந்தது, படுக்கை இருந்தது, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். அந்த இடம் இல்லாதிருந்தால், தம் விலங்கின்மேல் அவரை ஏற்றிக்கொண்டு சமாரியர் எங்கே போயிருப்பார்? இன்று அந்தச் சாவடியின் வரலாற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பிறரன்புப் பணிக்காகக் கட்டடம் கட்டியவர்களின் வரலாறு அது. ஆப்பிரிக்காவுக்கும் அதில் இடம் உண்டு. நமக்குப் பக்கத்திலுள்ள கொல்லிமலைக்கும் உண்டு.

முதலில் புனித பசிலியார். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள செசரியா நகருக்கு வெளியே, ஏறத்தாழ 370ஆம் ஆண்டில், ஆயரான அவர் ஓர் இல்லத் தொகுதியைக் கட்டினார். அதற்குச் சற்று முன்புதான் அப்பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியிருந்தது. வழிப்போக்கருக்கு விடுதி, நோயாளருக்கு மருத்துவம், தொழில்களுக்குப் பட்டறை, தொழுநோயாளருக்குத் தங்குமிடம் என எல்லாம் அங்கே இருந்தன. அவருடைய நண்பர் நசியான்சு நகர் புனித கிரகோரியார் அதை ஒரு புதிய நகரமாகவே கண்டார். தொழுநோயாளரை அணைத்துக்கொள்ள பசிலியார் தயங்கவில்லை என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் பின்வந்த நூற்றாண்டுகளில் ஊருக்கு வெளியே கட்டுவது என்பதன் பொருள் மாறிப்போனது. ஐரோப்பாவில் தொழுநோயாளர் இல்லங்கள் நகர வாயிலுக்கு அப்பால் எழுந்தன. உணவு கொடுத்தார்கள், செபிக்கக் கோவிலும் கட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு சுவரும் எழுப்பினார்கள். நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறியவராய்த் திரியும் தொழுநோயாளரைக் காவலர் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழி செய்தது. அது சட்டப் புத்தகத்திலிருந்து முற்றிலும் நீங்கியது 2016இல்தான். அந்தக் காப்பகங்கள் பலவற்றை நடத்தியவர்கள் கிறிஸ்தவர்கள். வேறு யாரும் தொடத் துணியாத புண்ணைக் கழுவிக் கட்டியவர்கள் அவர்கள். அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நோயாளரைக் காப்பதற்கு எழுந்த சுவரும், நோயாளரிடமிருந்து ஊரைக் காப்பதற்கு எழுந்த சுவரும் ஒரே செங்கல்லால் கட்டப்பட்டவைதானே. பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். 1913இல் ஆல்பர்ட் சுவைட்சர் என்ற லூத்தரன் இறையியலாளர், மருத்துவமும் கற்றுத் தேர்ந்தபின், இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனே என்ற இடத்துக்குச் சென்றார். தொடக்கத்தில் அவர் நோயாளரைப் பார்த்த அறை ஒரு பழைய கோழிக்கொட்டகை. முதல் உலகப் போர் குறுக்கிட்டது. 1924இல் திரும்பி வந்தவர், 1927இல் மருத்துவமனையை அதே ஆற்றங்கரையில் வேறிடத்துக்கு மாற்றினார். ஆற்றில் வெள்ளம் வரும் என்பதால் கட்டடங்களைத் தூண்களின்மேல் நிறுத்தினார். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் கிழக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய நேராகவே செல்லும். ஆகவே ஒவ்வொரு கட்டடத்தையும் கிழக்கு மேற்காக நீளவாக்கில் அமைத்தார். வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். நீண்ட சுவர்கள் குளிர்ந்தே இருக்கும். மின்விசிறி இல்லாத ஊரில் இது சின்ன உதவி அன்று.

அங்கே நோயாளர் தனியாக வருவதில்லை. மனைவி, பிள்ளை, அண்ணன் தம்பி எனக் குடும்பமே படகில் வந்து இறங்கும். அவர்களே சமைப்பார்கள், அவர்களே பக்கத்தில் படுப்பார்கள். ஆடும் கோழியும் உள்ளே திரியும். ஐரோப்பாவிலிருந்து வந்து பார்த்தவர்கள், இது மருத்துவமனையா கிராமமா என்று முகம் சுளித்ததுண்டு. கிராமம்போல் இருந்ததால்தான் மக்கள் அஞ்சாமல் வந்தார்கள். தூக்குப்பாத்திரத்தோடும் பாயோடும் அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் நம் ஊர் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவைட்சர் ஆப்பிரிக்கரைச் சமமாக நடத்தாமல், பிள்ளைகளை நடத்தும் தகப்பனைப்போல் நடந்துகொண்டார் என்ற குறை பின்னாளில் எழுந்தது. அது நியாயமான குறைதான். எனினும் நோயாளரோடு அவருடைய வீட்டையும் சேர்த்தே உள்ளே விடவேண்டும் என்பதை அந்தக் கட்டடம் அறிந்திருந்தது.

நம் பக்கத்து மலைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் நற்செய்திப் பணியும் மருத்துவப் பணியும் செய்துவந்தார்கள். சாலை இல்லாத அந்த மலைமேல் மரச்சாமான்களைத் தலைச்சுமையாய் ஏற்றிச் சென்று, கல்தூண்களின்மேல் மரவீடு எழுப்பிக் குடியிருந்தார்கள். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் மலைக் காய்ச்சல் தந்தையின் உயிரைப் பறித்தது. மகன் முதலில் கற்றது மருத்துவம் அன்று. தந்தையைப்போல் ஊழியத்துக்குப் போக அது உதவும் என்று கொத்து வேலையும் தச்சு வேலையும் சில ஆண்டுகள் கற்றார். பிறகே மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று அவர் உலகுக்குக் காட்டினார். அதன்பின் எழுந்தது யாரும் எதிர்பாராத சிக்கல். கை நேரான சிலர் மனவருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தொழுநோயாளர் என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கையைச் சரிசெய்தாயிற்று, அந்தக் கைக்கு இனி என்ன வழி? மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ‘நவஜீவ நிலையம்’ தோன்றியது. வயது முதிர்ந்த மறைபரப்பாளர் ஒருவர் தம் சேமிப்பை அதற்குத் தந்தார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, என்ன கட்டினார்கள் என்பதை. பெரிய காங்கிரீட் விடுதியை அவர்கள் எழுப்பவில்லை. சாதாரணக் கிராமத்துக் குடிசைகளைப்போன்ற சிறுசிறு வீடுகளைக் கட்டினார்கள். அங்கே தச்சு வேலை முதலிய தொழில்களைக் கற்றவர், நாளைக்குத் திரும்பிப் போய் வாழப்போவது அப்படிப்பட்ட வீட்டில்தான். பளிங்குத் தரையில் பழகியவருக்கு மண்தரை மீண்டும் ஒரு தண்டனையாகிவிடும்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இரவில் நன்றாகப் படுத்தவர்கள் காலையில் விரல் நுனி இல்லாமல் எழுந்தார்கள். தொழுநோய் விரலைத் தின்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. இரவில் கண்விழித்துக் காவலிருந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. எலிகள் வந்து கடிக்கின்றன. உணர்வு இழந்த விரல் என்பதால் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வதில்லை. சிகிச்சை என்ன தெரியுமா? பூனை. நோயாளர் வீடு திரும்பும்போது மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். நாம் இல்லங்கள் கட்டும்போது வரைபடத்தில் பூனைக்கு இடம் ஒதுக்குவதில்லை. ஆனால் அங்கே படுத்துறங்கப் போகிறவரின் ஓர் இரவு எப்படி இருக்கும் என்று விழித்திருந்து பார்த்தவர்களால்தான் இப்படி ஒரு தீர்வைக் காண முடிந்தது.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. கிடைத்த நிலம் வெறும் கல்லும் பொட்டலும். பின்னாளில் அங்கே பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி, அறுவை மருத்துவத்தோடு மரம் நடுவதையும் மழைநீரைத் தேக்குவதையும் தம் பணியாக ஏற்று, அந்தப் பொட்டலைச் சோலையாக்கினார்.

அதே 1955இல்தான் ஆப்பிரிக்காவும் தமிழகமும் நேராகச் சந்தித்தன. பெல்ஜியம் நாட்டு மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ், அப்போது பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவில் கால் நூற்றாண்டு அளவுக்குத் தொழுநோயாளர் நடுவே பணிசெய்தவர். மொலோக்காய் தீவில் தொழுநோயாளருக்காகத் தம் கையாலேயே வீடும் சவப்பெட்டியும் செய்து, 1889இல் அதே நோயால் இறந்த புனித தமியானின் நாட்டவர். அவர் மதுராந்தகம் பக்கத்திலுள்ள பொலம்பாக்கம் என்ற சிற்றூருக்கு வந்தார். அவரோடு கிளேர் வெல்லுட் என்ற இளம் பெண் மருத்துவரும் பணியில் இறங்கினார். இவர் அருள்சகோதரி அல்லர்; பொதுநிலையினராகவே இருந்து தம்மை ஒப்படைத்தவர்.

பெரிய காப்பகம் ஒன்று எழும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஹெமெரிக்ஸ் மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார். காரணம் மருந்திலேயே இருந்தது. 1940களில் வந்த டாப்சோன் வகை மருந்து தொழுநோயைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் உட்கொள்ள வேண்டும். அத்தனை ஆண்டுகள் ஒரு விவசாயக் கூலியை இல்லத்தில் வைத்துவிட்டால் அவருடைய நிலம் என்னவாகும், பெண்டு பிள்ளைகள் என்ன ஆவார்கள்? ஒருமுறை உள்ளே போனவரை ஊர் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமா? இதை நினைத்தே பலர் நோயை மறைத்தார்கள். ஆகவே குறித்த நாளில், குறித்த நேரத்தில், சாலையோரத்துக் குறித்த மரத்தடிக்கு வண்டி வந்து நிற்கும். ஒரு மேசை, ஒரு பதிவேடு, மாத்திரைகள், புண்ணைக் கழுவித் துடைக்கத் துணி. பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். வராதவரைத் தேடி வீட்டுக்கு ஆள் போகும். மருந்தை வாங்கிக்கொண்டவர் அப்படியே வயலுக்குப் போய்விடலாம். பொலம்பாக்கத்துக் கட்டடம் கடும் நோயாளருக்கும் பரிசோதனைக்கும் பணியாளருக்கும் மட்டும் தேவைப்பட்டது.

இது தமிழகத்துக்கு முற்றிலும் புதிதன்று. ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், 1902இல் வேலூரில் நாற்பது படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்தவர். அந்தக் கட்டடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1909இல் ஒரு பியூஜோ கார் கிடைத்ததும் சாலையோர மருத்துவத்தைத் தொடங்கிவிட்டார்.

பெருந்துறைக்காரரான நமக்கு இதில் இன்னொரு சாட்சி வேண்டுமா? மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தை இன்றும் பெரியவர்கள் ‘சானடோரியம்’ என்றே சொல்வார்கள். காசநோய்க்கு மருந்து இல்லாத நாளில் வறண்ட காற்றும் வெயிலும் ஓய்வும்தான் மருந்து. அதற்காகவே அகன்ற தாழ்வாரங்களோடும் பெரிய சன்னல்களோடும் சானடோரியங்களை அமைத்தார்கள். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளர் சிலரைச் சானடோரியத்திலும் சிலரை அவர்களுடைய ஏழை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள்; வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாவதற்குச் சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகள் வழிகாட்டின.

இந்த வரலாற்றை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நம் பங்கில் முதியோர் இல்லம் ஒன்று கட்டலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல எண்ணம். மனை தரவும் சிமெண்ட் தரவும் ஆட்கள் முன்வந்திருக்கிறார்கள். கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரும் என்ற கேள்வியும் இந்நேரம் எங்காவது எழுந்திருக்கும், அதை விட்டுவிடுவோம். யாருமற்றவருக்கு இல்லம் வேண்டும், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நம் முதியோரில் எத்தனை பேர் உண்மையில் யாருமற்றவர்கள்? மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்கும் சிப்காட்டுக்கும் வேலைக்குப் போய்விட, காலை முதல் மாலைவரை ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் தோட்டத்து வீட்டில் கிடப்பவர்கள் எத்தனை பேர்? முன்னவருக்குக் கட்டில் வேண்டும். பின்னவருக்கு வேண்டியது இருசக்கர வண்டியில் தினம் வந்துபோகும் ஒரு செவிலியரும், மதியச் சாப்பாடும், கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பியும். இரண்டாமவரை இல்லத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அவருக்கு இருக்கும் வீட்டையும் நாமே பறித்தவர்கள் ஆவோம்.

எனவே வரைபடம் போடும் பொறியாளரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு அன்பியத்திலும் படுக்கையில் இருப்பவர்கள், தனித்திருப்பவர்கள், பகலில் மட்டும் தனித்திருப்பவர்கள் என மூன்று பட்டியல்கள் வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு வீடாகப் போகட்டும். நம் மக்கள் என்று பிரிக்காமல், தெருவில் இருக்கும் எல்லா முதியோரையும் எழுதிக்கொள்ளட்டும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதட்டும். பட்டியல்கள் கைக்கு வந்தபின், பங்குப் பேரவையில் அமர்ந்து, எத்தனை கட்டில், எத்தனை வண்டி என்று கணக்குப் போடுவோம்.