பாலைத் திணையும் தங்கவயலும்

காதல், பூசல், ஏக்கம் என்னும் மூன்றும் எல்லா மொழிக் கலைகளுக்கும் பொதுவானவை. எனினும் அவற்றை நிலத்தோடும் பொழுதோடும் பிணைத்து இலக்கணம் வகுத்த பெருமை தமிழுக்கு உண்டு. அன்புடைய இருவர் கூடியிருக்கும்போது பாட்டுக்கு வேலை குறைவு. அவர்களுக்கு இடையில் ஏதேனும் ஒன்று வந்து நிற்கும்போதுதான் ஏக்கம் பிறக்கிறது. ஏக்கத்திலிருந்து பாட்டு பிறக்கிறது. இடையில் நிற்பது எது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. சங்கப் பாடல் முதல் திரைப்படம் வரை அம்மாற்றத்தைத் தொடர்ந்து காண்பதும், பங்காருபேட்டையிலும் தங்கவயலிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மொழி மாறும் எல்லை

அகத்திணைகளுள் பிரிவுக்கு உரியது பாலை. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத் திணையைச் சார்ந்தவை. நூலில் பாதி பிரிவுக்கே ஒதுக்கப்பட்டது என்றால், அந்நாளைய வாழ்வில் பிரிவு எத்துணைப் பெரிய இடம் பெற்றிருந்தது என்பதை உணரலாம். தலைவன் பிரிவதற்குரிய காரணங்களுள் பொருள் தேடல் ஒன்று. அவன் செல்லும் வழி நீரற்றது. ஆறலைக்கும் கள்வர் நிறைந்தது. பல பாடல்களில் அவ்வழியின் முடிவில் இருப்பது வேற்றுமொழி வழங்கும் நாடு.

இத்திணையைப் பாடுவதில் வல்லவர் மாமூலனார். நந்தரின் செல்வம், மோரியரின் படையெடுப்பு, புல்லி என்பவனின் வேங்கடம் முதலிய செய்திகளை அவர் பாடல்களிலிருந்தே வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். குறுந்தொகையின் 11ஆம் பாடலும் அவருடையதே. அதில் தலைவி தன் நெஞ்சோடு பேசுகிறாள். வளை நெகிழ, உறக்கமின்றி, இங்கேயே அழுதுகொண்டிருப்பதில் பயனில்லை. அவர் வடுகர் எல்லையில், கட்டியின் நாட்டுக்கும் அப்பால், மொழி வேறான நிலத்தில் இருந்தாலும் அங்கே செல்வோம் என்கிறாள். பெரும்பாலும் காத்திருப்பவளாகவே காட்டப்படும் தலைவி இங்கே புறப்படத் துணிகிறாள். இச்செய்தியை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆண்டையும் அடியாரும்

அடுத்து இசையைக் காண்போம். திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். அங்கே நந்தனாரைத் தடுப்பது தம் குலம் குறித்த நினைவே. தில்லைக்கு நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி நாள் கழிக்கிறார். அவர்மீது அதிகாரம் செலுத்தும் ஆண்டை எவரும் அக்காப்பியத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரே வேதியர் ஒருவரை ஆண்டையாக உள்ளே கொண்டு வந்தார். விடுப்புக் கேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த ஆண்டை. அடியாருக்கும் ஆண்டவனுக்கும் இடையில் உழைப்பை ஏவும் அதிகாரம் வந்து நிற்கிறது. பக்தியின் ஏக்கத்தோடு சமுதாயப் பூசலும் இணைந்ததனால் அக்கீர்த்தனை வீதிதோறும் கதாகாலட்சேபமாக ஒலித்தது.

அதே கதை திரைக்கும் வந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் பக்த நந்தனாராகவே நடித்தார். தம் காதற்கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவை 1933இல் இழந்து, வெண்ணிற ஆடை உடுத்தி ஒதுங்கியிருந்த அம்மையார், அப்படத்தின் வழியாகவே மீண்டும் மக்கள்முன் தோன்றினார். இறைவனுக்காக ஏங்கும் அடியாரின் பாட்டில் ஒரு பெண்ணின் தனித்துயரையும் கேட்டவர்கள் உணர்ந்திருந்தால் வியப்பில்லை. 1942இல் தண்டபாணி தேசிகர் அதே வேடம் ஏற்றார்.

கோலார் தங்கவயல் இக்கதைக்கு வேறொரு முகத்தையும் அறிந்திருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தமிழன் இதழைத் தொடங்கியவர். தம் இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தனை ஓர் அரசனாகக் கண்டவர். 1914இல் அவர் மறைந்தபின், தமிழன் இதழை 1926 முதல் தங்கவயலிலிருந்து நடத்தினார் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர் நடுவே அச்சேறிய அந்த எழுத்து, கோயில் வாயிலில் நின்று ஏங்கும் நந்தனைவிட, தன் உரிமையை நினைவுகூரும் நந்தனையே நாடியது. ஏக்கம் ஒன்றே, அதன் திசை மாறியது.

செங்குத்தான பாலை

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வந்தபின் சுரங்கத் தொழில் பெருகியது. வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அந்நாளில் பவுரிங்பேட்டை என்று பெயர் பெற்றிருந்த நம் ஊரிலிருந்து 1894இல் தங்கவயலுக்குக் கிளை இருப்புப்பாதை அமைந்தது. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் சுரங்கங்களை எட்டியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று, உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

சங்கத் தலைவன் சமவெளியில் நடந்து பிரிந்தான். இங்கே தலைவன் ஒவ்வொரு ஷிப்டுக்கும் பூமிக்குள் இறங்கிப் பிரிந்தான். நீரற்ற வழிக்கு மாறாக வெப்பம் மிக்க சுரங்கப் பாதை. ஆறலை கள்வருக்கு மாறாகத் திடீரெனச் சிதறும் பாறை. உயிர் தப்பி மேலே வந்தவர் நெஞ்சிலும் கல்தூசி படிந்து நோயாகும். பாலையின் கூறுகள் அனைத்தும் இங்கே இருந்தன. ஆனால் அப்பாலை கிடக்கையில் நீளவில்லை, செங்குத்தாக இறங்கியது.

இப்பாலையில் பெண்ணும் தனியே ஊரில் காத்திருக்கவில்லை. அவளும் மொழி மாறும் நாட்டுக்கு வந்து, தொழிலாளர் லைன் வீடுகளில் குடும்பம் நடத்தினாள். கடல் கடந்து சென்ற பெண்களின் துயரை பாரதியார் பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களை வைத்துப் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் கதையைப் புதுமைப்பித்தன் துன்பக்கேணியில் எழுதினார். தங்கவயலின் தொடக்கக் காலத்தைக் கற்பனையோடு காட்டிய பா. இரஞ்சித்தின் தங்கலான் திரைப்படம் 2024இல் வெளிவந்தது. அதில் வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து முதலில் ஆடவர் சிலர் செல்கின்றனர். பின்னர் மனைவியரும் குழந்தைகளும் உடன் செல்கின்றனர். மாமூலனாரின் தலைவி நெஞ்சளவில் மேற்கொண்ட பயணத்தை நம் பாட்டிமார் கால்நடையாகவும் இரயிலிலும் நிறைவேற்றினர் எனலாம்.

இன்றைய பிரிவு

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொருள் தேடி வந்த நிலமே பொருளற்றுப் போனது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வறண்டு பாலையாகத் திரியும் என்பார் இளங்கோவடிகள். பாலை என்பது தனி நிலம் அன்று. வளமான நிலம் வறண்டபின் கொள்ளும் வடிவம். அவ்விளக்கத்துக்கு நம் கண்முன் கிடக்கும் உரை தங்கவயல்.

இன்று மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் பெங்களூருக்கு இரயிலேறி, இரவில் வீடு திரும்புகின்றனர். தந்தை புறப்படும்போது குழந்தை உறங்குகிறது. அவர் திரும்பும்போதும் உறங்குகிறது. இருவருக்கும் இடையில் மலையில்லை, காடில்லை, ஆண்டையும் இல்லை. இரயில் அட்டவணை நிற்கிறது. இதுவும் பொருள்வயிற் பிரிவே. மணிக்கணக்கில் அளக்கப்படுவதால் இதன் துயர் சிறிதென்று எண்ணிவிடலாகாது.

பழைய பாலையை மாமூலனார் பாடினார். ஆண்டையின் தடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் இசைத்தார். சுரங்கத்துக்கு வந்த குடும்பங்களைத் திரைப்படம் காட்டிற்று. விடியற்கால இரயிலையும், அதற்காக நான்கு மணிக்கு அடுப்பு மூட்டும் தாயையும் பாட வேண்டிய பொறுப்பு நம் பிள்ளைகளுக்கு உரியது. அதற்கு அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். கன்னடத்தை நன்கு கற்று இந்நாட்டு மக்களோடு இணங்கி வாழ்வதும், வீட்டில் தமிழ் படிக்கக் கற்பிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாது போனால், அவர்களுக்கு இடையில் நிற்பது மொழியாகிவிடும். மற்றத் தடைகளை எல்லாம் கடந்து வந்த குடும்பத்திற்கு அது வேண்டாத தடை. நம்மால் நீக்கக்கூடிய தடையும் அதுவே.