வெள்ளிக்கு அனுப்ப நினைத்த பாசி

1961இல் வானியலாளர் கார்ல் சேகன் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார்: வெள்ளிக் கோளின் மேகங்களில் நீலப்பச்சைப் பாசியைத் தூவினால் அது கரியமில வாயுவை உண்டு ஆக்சிஜனை வெளிவிடும், கோளும் மெல்லக் குளிரும். ஆனால் 1970இல் வெள்ளியில் தரையிறங்கிய வெனீரா 7 விண்கலம், அங்கே சுமார் 475 டிகிரி செல்சியஸ் வெப்பமும், பூமியைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு காற்றழுத்தமும் இருப்பதைக் காட்டியது. பாசி சேர்த்த கரி அந்த அனலில் விழுந்தால் எரிந்து மீண்டும் கரியமில வாயுவாகிவிடும். தன் திட்டம் பலிக்காது என்று சேகனே பின்னாளில் எழுதினார்.

அன்று மரபணுவைத் திருத்தும் கருவி இல்லை, இன்று இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டத்தைக் கவிழ்த்தது பாசியின் பலவீனமல்ல, கோளைப் பற்றிய தவறான கணக்கு. உயிர் வாழத் தேவையான தண்ணீர் ஒரு கோளில் இல்லையென்றால், எந்த மரபணுவும் அதை உண்டாக்காது. இன்று செவ்வாய்க் கோளுக்கென உயிரை வடிவமைக்க நினைப்போருக்கும் இதே பாடம்தான்: அதற்குமுன் செவ்வாயை அளந்தறிவதே முதல் கடமை.