பிரசங்க மேடையும் அச்சுக்கூடமும்

பேச்சுக்கலையையும் பத்திரிகைத் தொழிலையும் கல்லூரிப் பாடங்களாகப் பயிலும் மாணவர் இன்று பலர். இவ்விரண்டும் யாழ்ப்பாணத்துக் கல்விக்கூடங்களிற் புகுந்த வரலாற்றை அவர்களோடு நாமும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினறியை நிறுவினர். டானியல் பூர் அதன் முதல் அதிபர். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானசாஸ்திரமும் அங்கு கற்பிக்கப்பட்டன. நோக்கம் மதப் பிரசாரமே. ஆகவே துண்டுப் பிரசுரங்களோடு ஊரூராகச் சென்று பேசவும் மாணவர் பழக்கப்பட்டனர்.

அச்சுக்கூடமோ எளிதில் வாய்க்கவில்லை. 1820 இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சாளரைத் தீவில் தங்கவிடாது ஆங்கில அரசு வெளியேற்றியது. ஒரே மதத்தவரெனினும் அந்நிய நாட்டவரன்றோ! 1834 இலேதான் மானிப்பாயில் அமெரிக்க மிஷனுக்கு அச்சியந்திரம் கிட்டியது. 1841 இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன். பெயர்களைக் கண்டு வாசகர் மயங்கவேண்டாம். இருவரும் செமினறியிற் பயின்ற தமிழரே.

கொடுத்த கருவி கொடுத்தவரின் சொற்படியே நடக்குமா? யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரத்துடன் திரும்பினார். பாதிரிமாரின் ஆயுதங்கள் இரண்டும் அவர்களுக்கு எதிராகவே திரும்பின. இஃது முற்றும் இரவல் என்பாருடன் நாம் உடன்படோம். கோயில்களிற் புராணபடனம் செய்து பொருள் விரிக்கும் மரபு எம்மிடம் முன்னரே இருந்தது. ஆயினும் செய்யுளை விட்டிறங்கி, ஒரு பொருளைப் பற்றி வசனத்திலே சபையோரை நேர்நின்று விளித்துப் பேசும் முறை அவர் பாதிரிமாரிடம் கண்டதே.

செமினறி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர் ஊழியத்துக்கு வராது உத்தியோகத்தை நாடினர் என்பது மிஷன் தலைமையின் மனக்குறை. அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார், தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். சுவிசேஷத்துக்காகப் பயிற்றப்பட்ட கை ஏட்டுச்சுவடியைக் காத்தது. இதனை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் அம்மேடையின் முன் அமர்ந்திருந்தோர் யாவர்? செமினறியில் இடம்பெற்றோருட் பெரும்பாலோர் வேளாளக் குடும்பத்தவர். நாவலரோ சாதியாசாரத்தைத் தளர்த்த ஒருப்பட்டவரல்லர். வண்ணார்பண்ணை மண்டபத்தில் அவர் குரல் முழங்கிய வெள்ளிக்கிழமைகளில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு யாழ்ப்பாணத்துக் கோயிற் கதவுகள் அடைத்தே கிடந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1968 இல் மாவிட்டபுரத்திலே அவர்கள் அக்கதவின் முன் போராடவேண்டியிருந்தது.