முத்துப்பழனியின் பாயிரம்

முத்துப்பழனி தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்த்வனம்' என்னும் காவியத்தை 1911-ஆம் ஆண்டு ஆங்கில ராஜாங்கம் தடை செய்த வரலாற்றை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆயினும் அதற்கு முந்திய ஆண்டில் சங்கீத விதூஷி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்நூலை அச்சேற்றியபோது எதை மீட்டுக் கொடுத்தார் என்பது தெளிவாகாமல், அத்தடையின் கொடுமை நமக்கு முழுவதும் விளங்காது.

பிரதாபசிம்ம மகாராஜாவின் தஞ்சைச் சபையிலே தேவதாசியாக விளங்கியவளும், நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் ஆக்கியவளுமான முத்துப்பழனி, பிதாமகர் பெயரும் கோத்திரமும் சொல்லித் தொடங்குகிற கவிகளின் சம்பிரதாயத்துக்கு நடுவே, பாட்டி தஞ்சநாயகி முதலான பெண்களின் வழியாகத் தன் பரம்பரையைக் கூறி, வித்துவான்களுக்குத் தான் சன்மானம் அளித்ததையும், தன் பெயருக்குக் காவியங்கள் சமர்ப்பிக்கப்பட்டதையும், கூச்சமின்றிக் கம்பீரமாகத் தன் பாயிரத்திலே பாடி வைத்தாள். பிறர் புகழ்ந்தால் மட்டுமே ஒரு பெண்ணுக்குப் பெருமை உண்டு என்றிருந்த உலகத்தில், தன் வித்தையைத் தானே சான்று கூறி நிலைநாட்டிய அந்தத் தைரியத்துக்கு ஈடாக நான் அதிகம் படித்ததில்லை.

1887-இல் இக்காவியத்தைப் பதிப்பித்த வெங்கடநரசு, சில செய்யுட்களோடு அந்தப் பாயிரத்தையும் நீக்கிவிட்டார். சிருங்காரம் மிகுந்த செய்யுட்களை விலக்கியதற்கு ஒழுக்கத்தைக் காரணமாகச் சொல்லலாம். சிருங்காரத்துக்கு இடமே இல்லாத பாயிரத்தை விலக்கியதற்கு எந்த ஒழுக்கத்தைக் காட்டுவது? ஒரு தேவதாசி தன்னைக் கவியென்றும் கொடையாளி என்றும் சொல்லிக்கொண்டதைப் பதிப்பாசிரியர் பொறுக்கவில்லை என்பதே என் துணிபு.

மூலப் பிரதி கிடைத்ததும் நாகரத்தினம்மாள் பாயிரம் உள்பட முழு நூலையும் 1910-இல் வாவிள்ளா பதிப்பகத்தார் மூலம் வெளியிட்டார். விதவா விவாகத்துக்காகப் பாடுபட்ட மகான் வீரேசலிங்கம் பந்துலு முத்துப்பழனியை நாணமற்றவள் என்று தூஷித்திருந்தார். நாணம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண் கவிகள் இதைவிட வெளிப்படையாகப் பாடியவற்றைப் பந்துலுவே பார்வையிட்டு அச்சேற்ற ஒப்பியது எப்படி என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். பந்துலுவின் தொண்டுக்கு நான் தலைவணங்குகிறேன். இந்த வழக்கில் மட்டும் நியாயம் முழுவதும் அம்மையார் பக்கமே.

தடையும், அது 1947-இல் நீங்கியதும் அடுத்த வாரம். அதற்குள் தெலுங்கறிந்த வாசகர்கள், காவியத்தில் நுழையுமுன் அந்தப் பாயிரத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும்படி வேண்டுகிறேன்.